சுவரில் முளைத்த அரசு

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களில் பழைய வீடு எதையேனும் சற்று உற்று நோக்கினால், அதன் கைப்பிடிச் சுவரிலோ மழைநீர்க் குழாயின் ஓரத்திலோ ஓர் அரசங்கன்று தலை நீட்டிக் கொண்டிருப்பதைக் காணலாம். அதை யாரும் நட்டதில்லை; யாரும் நீர் வார்த்ததுமில்லை. மைனாவோ குயிலோ பழத்தைத் தின்றுவிட்டு எச்சமிட்ட இடத்தில் அது முளைத்தது. காரைச் சுவரின் இடுக்கில் தங்கிய ஈரத்தைக் கொண்டும், ஐப்பசி மழையைக் கொண்டும் உயிர் பிடித்தது. வருஷந்தோறும் வீட்டுக்காரர் அதை அரிவாளால் வெட்டுகிறார். அதுவும் சளைக்காமல் வருஷந்தோறும் தழைக்கிறது. இந்தச் சண்டையில் இதுவரை எந்த வீட்டுக்காரரும் ஜயித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இப்படி இருபது முப்பது வருஷம் வெட்டுப்பட்ட கன்றை அருகில் சென்று பார்க்க வேண்டும். உயரம் ஒரு முழத்துக்கு மேல் இராது. ஆனால் அடித்தண்டோ, குளக்கரையில் நிற்கும் கிழ அரசின் அடிமரத்தைப் போல் பருத்து, முண்டும் முடிச்சுமாகக் காட்சியளிக்கும். வேர்கள் செங்கற்களைத் தழுவிக்கொண்டு உருகிய மெழுகைப் போல் வழிந்திருக்கும். ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாக உழைத்துத் தட்டில் உண்டாக்கும் ‘போன்ஸாய்’ என்னும் குறுமரத்தின் அடிப்படை வேலையை, நம் ஊர்ச் சுவர்கள் சம்பளமின்றிச் செய்து வைத்திருக்கின்றன!

இடிபட்ட வீடு

நாம் இந்த விஷயத்தில் இறங்கியது கலை ஆர்வத்தினால் அன்று, துக்கத்தினால். அம்பத்தூரில் நம் பாட்டனார் கட்டிய வீடு 2018-ஆம் வருஷம் மாசி மாதத்தில் இடிக்கப்பட்டது. பங்காளிகள் கூடிப் பேசி, அந்த இடத்தில் அடுக்கு மாடிக் கட்டடம் எழுப்புவதென்று முடிவாயிற்று. முடிவில் நமக்கும் சம்மதந்தான். ஆகையால் யாரையும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் முதல் கடப்பாரை விழுந்தபோது, அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நம் அத்தை, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், மத்தியானம் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மொட்டை மாடிச் சுவரில் ஓர் அரசும், கிணற்றடிச் சுவரில் ஓர் இச்சியும் இருந்தன. இடிக்க வந்த மேஸ்திரி கீழே குரல் கொடுத்தார்: “சார், இந்த அரசங்கன்னை என்ன செய்யறது? நான் வெட்டமாட்டேன். நீங்க சொன்னாலும் வெட்டமாட்டேன். சுவத்தோட விழுந்தா அது அதோட விதி.”

அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார். “அதை அப்படியே எடுத்துத் தாடா” என்றார். எங்கே வைப்பது, எப்படி வளர்ப்பது என்பதெல்லாம் அவர் யோசிக்கவில்லை. நாமும் யோசிக்கவில்லை. மேஸ்திரி மாத்திரம் யோசித்து, சுற்றியிருந்த செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, இரண்டு மரங்களையும் ஈரச் சாக்கில் சுற்றிக் கீழே இறக்கிக் கொடுத்தார்.

இது எங்கிருந்து வந்த கலை?

மரத்தைத் தட்டில் வளர்க்கும் கலை சீனத்தில் பிறந்தது. அங்கே அதற்குப் ‘பென்ஜிங்’ என்று பெயர். கி.பி. 706-இல் அமைக்கப்பட்ட ஓர் இளவரசரின் கல்லறைச் சுவரில், செடியும் கல்லும் அமைந்த தட்டை ஏவலாளர் ஏந்தி வரும் ஓவியம் இன்றும் இருக்கிறது. பின்னர் அது ஜப்பானுக்குச் சென்று, அந்நாட்டாரின் பொறுமையால் மெருகேறிற்று. 1923-இல் டோக்கியோவை அழித்த பூகம்பத்துக்குப் பிறகு, அந்த நகரத்துக் குறுமரத் தொழிலாளர் பலர் ஓமியா என்னும் இடத்துக்குக் குடிபெயர்ந்து, 1925-இல் ஒரு கிராமத்தையே ஏற்படுத்திக் கொண்டார்கள்.

‘வாமன விருக்ஷம்’ என்ற பெயரால் இந்தக் கலை நம் நாட்டிலேயே தோன்றியது என்று சொல்வோரும் உண்டு. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இனிமையைத் தவிர வேறு உறுதியான சான்று நம் கண்ணில் படவில்லை. பிறர் கண்டுபிடித்த நல்ல கலையைக் கற்று, அதில் நம் கையின் முத்திரையைப் பதிப்பதும் பெருமையே. இரவல் வாங்கிய வயலினில் நாம் கர்நாடக சங்கீதம் வாசிக்கவில்லையா?

பாவமா, இல்லையா?

மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குவது பாவம் என்று பலர் நம்மைக் கடிந்து கொண்டதுண்டு. கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்லாமல் மேலே செல்ல முடியாது.

மரம் சிறியதாக இருப்பது பட்டினியால் அன்று. கிளையை நறுக்கினால் அதன் கீழே இரண்டு தளிர் எழும். வேரை நறுக்கினால் வெட்டிய இடத்திலிருந்து மெல்லிய புது வேர்கள் கொத்தாகப் புறப்படும். நீரையும் உணவையும் உறிஞ்சுவது அந்த மெல்லிய வேர்களே. இரண்டையும் சமநிலையில் வைத்திருந்தால் மரம் சிறிய இடத்திலேயே ஆரோக்கியமாக இருக்கும். பட்டினி கிடக்கும் மரம் குறுமரம் ஆவதில்லை, விறகுதான் ஆகும்.

இதற்குச் சாட்சியாக ஒரு மரத்தைச் சொல்லலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்திலுள்ள தேசிய மரப்பூங்காவில் ஜப்பானிய வெள்ளை ஊசியிலை மரம் ஒன்று இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்ந்து வருவது. ஹிரோஷிமாவில் யமாகி என்னும் குடும்பத்தார் தலைமுறைகளாக அதை வளர்த்தார்கள். 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு சுவரின் மறைவில் நின்று அது பிழைத்தது. 1976-இல் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். குண்டுக்குத் தப்பிய மரம் அது என்பது, 2001-இல் அக்குடும்பத்துப் பேரப் பிள்ளைகள் வந்து பார்த்தபோதுதான் பூங்காவினருக்குத் தெரிந்ததாம்! கொடுமைப்படுத்தப்பட்ட பிராணி நானூறு வருஷம் உயிரோடிருக்குமா?

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொட்டி மரம் தன்னைத் தான் காப்பாற்றிக் கொள்ள இயலாது. மண்ணில் நிற்கும் மரத்தை ஒரு மாதம் மறந்தால் அது நம்மை மறந்துவிட்டு வாழும். தட்டில் நிற்கும் மரத்தைச் சித்திரை மாதத்தில் இரண்டு நாள் மறந்தால் இறந்துவிடும். ஆகவே இதில் பாவம் என்று ஒன்று உண்டானால், அது நறுக்குவதில் இல்லை, மறப்பதில்தான் இருக்கிறது.

பெயர்த்தெடுக்கும் முறை

சுவர் மரத்தைப் பெயர்க்க ஏற்ற காலம் மாசி, பங்குனி. அரசு பழைய இலையை உதிர்த்துச் செந்தளிர் விடும் பருவம் அது, வெப்பமும் ஏறிக்கொண்டிருக்கும். அக்கினி நக்ஷத்திரத்திலும், மார்கழிப் பனியிலும் கை வைக்கலாகாது.

கிளைகளை நறுக்கித் தண்டை ஒரு முழத்துக்கு உள்ளாக நிறுத்த வேண்டும். வெட்டிய இடத்தில் பால் வடியும். நிற்கும் வரையில் தண்ணீரால் கழுவிவிட்டு மஞ்சளைக் குழைத்துப் பூசலாம். சுவரின் இடுக்கில் ஓடிய வேர்கள் நான்கைந்து முழ நீளமும் தட்டையான உருவமும் கொண்டிருக்கும். பருத்த வேர்களைக் குறுக்கி, மயிர் போன்ற வேர் எங்கே இருந்தாலும் அதைக் கண் போல் காக்க வேண்டும். அரசும் இச்சியும் ஆலும் ஒரே குலத்தவை; அடிமரத்தில் சேமித்து வைத்த உணவைக் கொண்டு, ஏறக்குறைய வேரே இல்லாத நிலையிலும் பிழைத்தெழும் வலிமை இவற்றுக்கு உண்டு.

மண் என்று சொன்னோமே, அதில் மண் மிகக் குறைவு. செங்கல்லை உடைத்துச் சலித்து, துவரம் பருப்பு முதல் கொண்டைக் கடலை வரையுள்ள துண்டுகளை வைத்துக்கொண்டு, பொடியை எறிந்துவிட வேண்டும். இந்தத் துண்டு இரண்டு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு. நீர் உடனே வடிய வேண்டும். ஆனால் செங்கல் தன் வயிற்றில் கொஞ்சம் ஈரத்தை வைத்திருக்கும். செங்கற் சுவரிலேயே பிறந்த மரத்துக்கு இது பிறந்த வீட்டுச் சாப்பாடு போல் ஒத்துக்கொள்ளும். அடியில் துளையுள்ள அகன்ற தொட்டியில் வைத்து, ஆடாதபடி கயிற்றால் கட்டி, நிழலில் நிறுத்த வேண்டும்.

அதன் பிறகு செய்ய வேண்டியது ஒன்றே: ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதுதான் மிகக் கடினம் என்பதை நாம் விலை கொடுத்துக் கற்றோம். இச்சி இருபதாம் நாளே தளிர்த்தது. நாம் மகிழ்ந்து, வேர் விட்டிருக்கிறதா என்று மெல்லத் தூக்கிப் பார்த்தோம். அடுத்த வாரமும் பார்த்தோம். அதற்கடுத்த வாரம் தளிர்கள் கறுத்துச் சுருண்டன. முதல் தளிர், தண்டில் சேமித்த உணவிலிருந்து வருவது. வேர் பிடித்ததற்கு அது சாட்சியாகாது. புதிதாய்ப் பிறந்த வேரை நாமே ஒவ்வொரு வாரமும் அறுத்திருக்கிறோம்! அரசோ நாற்பது நாள் கட்டை போல் நின்றது. இறந்தது என்றே எண்ணி அதை எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம். நாம் கைவிட்டதுதான் அதைக் காப்பாற்றிற்று.

தண்ணீர் ரயில்

அடுத்த கோடையில் வந்தது சோதனை. 2019-ஆம் வருஷத்தை மேற்குச் சென்னைவாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. செங்குன்றம், சோழவரம், பூண்டி எல்லாம் அதே நிலைமை. ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த ரயில் நம் அம்பத்தூர் ஸ்டேஷனைத் தாண்டித்தான் சென்றது. நாமோ குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்காகத் தெருவில் காத்திருந்தோம்.

அந்த நாட்களில் ஒரு தொட்டி மரத்துக்கு இரண்டு வேளை நீர் ஊற்றுவது நியாயமா? அடுத்த வீட்டில் கைக்குழந்தை. நம் வீட்டில் அரசமரம்! மனசாட்சி உறுத்திற்று. “இருக்கிற தண்ணீர் மனுஷாளுக்கு” என்று நாம் சொல்லிவிட்டோம். அத்தை பதில் பேசவில்லை. மறு நாள் முதல், அரிசி களைந்த நீரையும், காய்கறி அலம்பிய நீரையும் ஒரு சிறு வாளியில் சேர்த்து, மாடிப்படி ஏறி, காலையில் பாதியும் மாலையில் பாதியுமாக வார்த்தார். தொட்டியின் மேல் பழைய கோணிச் சாக்கை நனைத்துப் போர்த்தினார். குடிநீரில் ஒரு சொட்டுக் கூட மரத்துக்குப் போகவில்லை, மரமும் சாகவில்லை. ஒரு வீட்டில் அன்றாடம் வீணாகும் நீர் எவ்வளவு என்பது நமக்கு அந்தக் கோடையில்தான் தெரிந்தது.

ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்பக்கத்தில் அது பல இடங்களில் உப்பாக இருக்கிறது. நாளடைவில் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். மழைநீரைப் பிடித்து வைத்து, அவ்வப்போது தாராளமாக ஊற்றி அந்த உப்பைக் கழுவிவிட வேண்டும்.

எந்த மரத்தின் சாயல்?

மரம் பிழைத்துவிட்டது. இனி அதற்கு என்ன வடிவம் கொடுப்பது? நர்ஸரிகளில் விற்பனைக்கு வரும் குறுமரங்களைப் பார்த்தால், பாம்பு போல் நெளிந்த தண்டும் அதன் தலையில் உருண்டைக் குடுமியுமாக இருக்கின்றன. புத்தகங்களைப் பார்த்தாலோ, எல்லாம் ஜப்பானிய மலைச்சாரல் ஊசியிலை மரங்கள். நம் அரசை அவ்விதம் வளைத்தால், பஞ்சகச்சம் கட்டிய சாஸ்திரிகளுக்குக் கிமோனோ அணிவித்தது போலிருக்கும்.

இதே சங்கடம் அமெரிக்கர்களுக்கும் உண்டாயிற்று. அந்நாட்டின் தென்பகுதிச் சதுப்பு நிலங்களில் ‘மொட்டை ஸைப்ரஸ்’ என்று ஒரு மரம் உண்டு. ஊசியிலை இனமாயினும் குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்து மொட்டையாக நிற்பதால் அந்தப் பெயர். நீரில் நிற்கும் அதன் அடிமரம் மடிப்பு மடிப்பாக அகன்று, சுற்றிலும் வேரிலிருந்து முழங்கால் போன்ற முண்டுகள் எழும்பியிருக்கும். வட கரோலினாவில் கறுப்பு நதிக் கரையிலுள்ள அவ்வகை மரம் ஒன்றுக்குக் குறைந்தது 2,624 வயது என்று 2019-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அங்குள்ள ஆர்வலர்கள் இந்த மரங்களைச் சதுப்பிலிருந்து பெயர்த்து, தலையை வெட்டித் தொட்டியில் வளர்த்தபோது, முதலில் ஜப்பானிய முறைப்படி கூம்பு வடிவந்தான் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வான் பேண்டிங் என்பவரோ, தம் ஊர்ச் சதுப்பிலுள்ள கிழ மரங்களையே உற்றுப் பார்த்தார். அவை உச்சி தட்டையாகி, சில கிளைகளை மேலே குடை போல் விரித்து நின்றன. அந்தத் ‘தட்டைத் தலை’ வடிவத்தையே அவர் தொட்டியிலும் கொண்டுவந்தார். இன்று அது அந்த மரத்துக்குரிய இலக்கணமாகிவிட்டது.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. கோயில் குளத்தருகே நிற்கும் அரசைப் பாருங்கள்: தாழ்ந்து பிரியும் அடிமரம், மேல்நோக்கி எழுந்து பின் விரியும் கிளைகள், காற்றில்லாத வேளையிலும் சலசலக்கும் இலைகள். புளியமரமோ அடர்ந்த மேகம் போல் கவிந்திருக்கும். ஆலமரத்தின் அழகு விழுதில். கல்கத்தாவுக்கு அருகே சிவபூரில் உள்ள பேராலின் தாய்மரத்தை, காளான் நோயின் காரணமாக 1925-இல் வெட்டியகற்றினார்கள். நம் அடையாற்று ஆலின் தாய்மரம் 1989-இல் புயற்காற்றில் வீழ்ந்தது. இரண்டும் விழுதுகளைக் கொண்டு இன்னும் வாழ்கின்றன. தொட்டி ஆலிலும் இச்சியிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் விழுது இறங்கும். ஒரு மெல்லிய குழாயில் மண்ணை நிரப்பி, அதன் வழியே விழுதைக் கீழே செலுத்தினால் அது தரையைப் பற்றிக் கொள்ளும்.

கிளைகளுக்குக் கம்பி சுற்றும் முறையும் உண்டு. அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி மெல்ல வளைத்தால், கிளை சில வாரங்களில் அந்த நிலையில் நின்றுவிடும். ஆனால் நம் ஊர் வெப்பத்தில் கிளை வேகமாகப் பருக்கும். கம்பியை எடுக்க மறந்தால் பட்டைக்குள் புதைந்து, என்றும் மாறாத வடுவாகிவிடும். அதைவிட, வளரவிட்டு நறுக்கி, மறுபடி வளரவிட்டு நறுக்கும் முறை நம் மரங்களுக்கு ஏற்றது. தென் சீனத்துக் காண்டன் நகரத்தாரும் இதையே கைக்கொண்டனர். அரசின் இலை பெரிது. எத்தனை நறுக்கினாலும் ஓரளவுக்கு மேல் சிறுக்காது. ஆகவே மரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொள்வது நல்லது. முதன்முதலாக முயல்வோர், சிறிய இலையுள்ள இச்சியில் தொடங்குவதே உத்தமம். வாரந்தோறும் தூக்கிப் பார்க்காமல் இருந்தால்!

தொடக்கூடாதவை

இதைப் படித்துவிட்டு நேயர்கள் கடப்பாரையும் கையுமாகப் புறப்பட்டுவிடக் கூடாது. ஏரிக்கரையில் நிற்கும் மரம் கரையைக் கட்டிக் காக்கிறது. நீரில் நிற்கும் கருவேலும் நீர்க்கடம்பும் பறவைகளுக்கு வீடு. காட்டு மரமும் கோயில் மரமும் நம்முடையவை அல்ல. அழியப்போவது நிச்சயம் என்ற இடத்தில், உரியவரின் சம்மதத்தோடு எடுப்பதுதான் முறை. இடிபடும் சுவர், தூர்க்கப்படும் கிணறு இவற்றில் மாத்திரமே தேடினாலும், இந்தப் பக்கத்தில் எடுத்து முடியாத அளவுக்கு மரங்கள் கிடைக்கும். அத்தனை வீடுகள் இடிபடுகின்றன.

இரண்டு உருவம்

அரசை வீட்டில் வளர்க்கலாகாது என்ற வார்த்தையை நாம் கேட்காத நாள் இல்லை. சுவரைப் பிளக்கும் மரத்தை வீட்டருகே விடாதே என்று பெரியோர் சொன்னதில் நல்ல அர்த்தம் இருக்கிறது. தொட்டியில் அந்தப் பயம் இல்லை. ஆனால் அத்தையின் மனம் அதனால் சமாதானம் அடையவில்லை. “எடுத்துத் தா என்று சொன்னது நான்தான். ஆனாலும் அது வானத்தைப் பார்க்க வேண்டிய மரமடா” என்றார்.

நல்ல வேளையாக, பெயர்த்த அன்று வெட்டிய தலைக்கிளையில் ஒரு போத்தை அவர் எறிய விடவில்லை. அதை ஒரு பழைய வாளியில் ஊன்றி வைத்திருந்தார். அது வேர் பிடித்தது. அந்த வருஷம் ஐப்பசியில், நிர்வாகத்தாரிடம் சொல்லிவிட்டு, அருகிலுள்ள ஒரு சிறு கோயிலின் குளக்கரையில் அதை நட்டோம். இன்று அது கோயில் மதிலுக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அதே உடலின் அடிப்பாகம் புதுக் கட்டடத்தின் மொட்டை மாடியில், ஒரு முழ உயரத்தில், ஒரு தட்டில் நிற்கிறது. வேரின் நடுவே பழைய வீட்டின் செங்கல் ஒன்று அகப்பட்டிருக்கிறது. அதை நாம் எடுக்கவில்லை.

அத்தைக்கு இப்போது படியேற முடிவதில்லை. லிப்டில் மாடிக்கு வந்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் மதிலுக்கு அப்பால் தெரியும் பெரிய மரத்தைப் பார்க்கிறார். பிறகு சிறிய மரத்துக்கு அரிசி களைந்த நீரை வார்க்கிறார். தண்ணீர்ப் பஞ்சம் போய் வருஷங்கள் ஆயின. ஆனாலும் குழாய் நீரை அவர் அதற்கு ஊற்றுவதில்லை.